'தசை திரண்டுவிடாது' என்ற ஆறுதல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, பெண்களுக்கான எடைப் பயிற்சி குறித்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கி, மனம் கனத்துப்போய் முடித்தேன், அதனாலேயே இக்கடிதம். நடப்பதும் உடம்பை வளைத்து நீட்டுவதும்தான் பெண்களுக்கு உரிய உடற்பயிற்சி என்ற எண்ணத்தைத் தாண்டி, டம்பெல்லையும், தட்டுகள் மாட்டும் நீண்ட கம்பியான பார்பெல்லையும் கையில் எடுக்கச் சொன்னதற்காகக் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆனால் எடை தூக்கினால் என்ன கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்பே, 'அஞ்ச வேண்டாம், ஆண்களைப் போலத் தசை திரண்டுவிடாது' என்று ஆறுதல் கூறிவிட்டுத்தான் அக்கட்டுரை பேசத் தொடங்குகிறது. நடுவில் ஓரிடத்தில் பெண்மையின் நளினம் குறையாது என்று உறுதி தருகிறது. முடிவில் இடை மெலியும், கைகள் வடிவாகும் என்று ஆசை காட்டுகிறது. எலும்பைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. முதுமையில் பிறர் கையைப் பிடிக்காமல் எழுந்து நிற்பதைப் பற்றி அந்த ஒரு வரியும் இல்லை.

நான் எழுத வந்தது அந்த ஆறுதல் வாக்கியத்தைப் பற்றித்தான். அது பொய்யன்று. தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு பெரும்பாலான பெண்களின் இரத்தத்தில் ஆண்களுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ஆண்களுக்குத் திரள்கிற அளவு தசை பெண்களுக்குத் திரள்வதில்லை. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பகுதி தசை வளர்ந்து வருவதே அல்ல; ஏற்கெனவே உள்ள தசை இழைகளில் கூடுதலானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்புகள் பழகிக்கொள்வதால் வருவது. பெரிய அளவில் தசை திரள வேண்டுமானால் அதற்கென்றே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு எடையை ஏற்றி, அதற்கேற்பச் சாப்பிட்டு, உறங்கி உழைக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்து 'ஐயோ, இப்படி ஆகிவிட்டேனே' என்று திடுக்கிடும்படி எவருக்கும் தசை வந்துவிடுவதில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளாகப் பலரிடம் சொல்லியும் வந்திருக்கிறேன். சொன்னது சரிதானா என்ற ஐயம் எனக்கு வந்தது ஒரு பதினாறு வயதுப் பெண்ணால்.

நான் பயிற்சி செய்யும் ஜிம்மில் அவள் சேர்ந்தபோது, பள்ளி ஓட்டப்பந்தயத்துக்காகக் கால்களுக்கு வலு சேர்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். முதல் வாரத்திலேயே ஸ்குவாட் செய்யும் அழகைப் பார்த்துப் பயிற்சியாளரே நின்று கவனித்தார். குதிகால் தரையைவிட்டு எழாமல், முதுகு கூனாமல், உட்கார்ந்து எழுவது அவளுக்கு இயல்பாகவே வந்தது. மூன்றாவது வாரம் முதல் முழுக்கைச் சட்டை அணிந்து வரத் தொடங்கினாள். வியர்வையில் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் கழற்ற மாட்டாள். ஒரு மாலை, பார்பெல்லில் இருந்து தட்டுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது என் பக்கமாக நகர்ந்து வந்து, மெல்லிய குரலில், "அக்கா, தோள் பெருசாயிடுமா? அம்மா பார்த்துட்டுத் திட்டுறாங்க" என்று கேட்டாள். நான் சற்றும் யோசிக்காமல், "அதெல்லாம் ஆகாதும்மா, பயப்படாதே" என்றேன். அவள் தலையசைத்தாள். மூன்றாம் மாதம் வருவதை நிறுத்திவிட்டாள். படிப்பு கெடுகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவள் தோள் பெரிதாகத்தான் ஆகியிருந்தது. சற்றே அகன்று, கழுத்திலிருந்து புயம்வரை ஒரு சரிவு தெரிந்தது. எடை தூக்குகிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது வரும். அதை அவளும் கண்ணாடியில் பார்த்தாள், தாயும் பார்த்தார். 'ஆகாது' என்று நான் சொன்னது அவள் கண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அந்தப் பதிலில் இருந்தது. தோள் பெரிதாவது அஞ்ச வேண்டிய ஒன்றுதான் என்பதை அவள் தாயோடு சேர்ந்து நானும் ஒப்புக்கொண்டேன். 'உனக்கு அது நேராது' என்று மட்டும் சொல்லி அவளைத் தேற்றினேன். அகன்ற தோளில் என்ன தவறு என்று ஒரு முறையாவது அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தோளால் அவள் என்னவெல்லாம் தூக்குகிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். தங்கள் கட்டுரையின் முதல் வரியைப் படித்தபோது எனக்கு என் பதிலே அச்சில் வந்ததுபோல் இருந்தது.

இந்த அச்சத்துக்குப் பெண்கள் கொடுக்கும் விலை சிறிதன்று என்பதை நான் அறிந்தது என் தாயின் படுக்கையருகே. எழுபத்தோராம் வயதில் குளியலறை வாசலில் தடுமாறி விழுந்ததில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. சில வாரங்கள் கழித்து வந்த இயன்முறைச் சிகிச்சையாளர், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் சொன்னார். அம்மா முன்னால் சாய்ந்தார், முழங்கால்கள் நடுங்கின, ஒரு விரற்கடை உயர்ந்து, மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். முறியாத காலிலும் வலு இல்லை என்று சிகிச்சையாளர் சொன்னபோது அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ஓயாமல் வேலை செய்தவர் அவர். ஒல்லியாக இருக்கிறார், உடம்பு கட்டுவிடவில்லை என்று எல்லோரும் பாராட்டிய பெண்மணி. அந்தப் பாராட்டுக்குப் பின்னால் தொடைத் தசை ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டிருந்ததை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. அடுத்த மாதம் ஜிம்மில் சேர்ந்தேன்.

முப்பது வயதைக் கடந்த பிறகு, பயிற்சி இல்லாவிட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் அந்த வேகம் கூடுகிறது. பெண்களுக்கு இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாதவிடாய் நிற்கும்போது, எலும்பைக் காக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் புதிய எலும்பைக் கட்டும் செல்களை முந்திக்கொள்கின்றன. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரைகூட இழக்கும் பெண்கள் இருக்கிறார்கள். உலக அளவில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு, எலும்பு அடர்த்தி குறைந்து மெலியும் எலும்புப்புரை நோயால் எலும்பு முறிகிறது. ஆண்களில் ஐவரில் ஒருவருக்கு. ஆக, தசை இருபாலருக்கும் கரைகிறது; எலும்போ ஆண்களைவிடப் பெண்களுக்கே முன்னதாகக் கைவிட்டுப் போகிறது. அவற்றைச் சேர்த்துவைக்கும் வழியை மட்டும் நாம் ஆண்களுக்கு உரியது என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

எலும்பு உயிருள்ள பொருள். தன்மீது ஏறும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்வது. ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் இதை 1892-இலேயே விரிவாக எழுதினார். பாரம் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு விண்வெளி வீரர்களே சான்று. எடையற்ற நிலையில் அவர்களது இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறைகிறது; அதைத் தடுப்பதற்காகவே, எடை தூக்குவதற்கு ஈடான எதிர்விசை தரும் கருவி ஒன்றைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வைத்து அன்றாடம் பயிற்சி செய்கிறார்கள். நீச்சல் இதயத்துக்கு நல்லது, ஆனால் தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குப் பாரம் ஏறுவதில்லை. நடையும் நல்லதே, ஆனால் சிறு வயது முதல் நடந்து பழகிய எலும்புக்கு அது புதிய பாரமன்று.

சரி, எலும்பு ஏற்கெனவே தேய்ந்துவிட்ட வயதான பெண்கள் கனமான எடையைத் தூக்கலாமா? முறிந்துவிடாதா? இந்தக் கேள்விக்கு 2018-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு பதில் சொன்னது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். சராசரி வயது 65. ஒரு பிரிவினர் வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு அரை மணி நேரம், எட்டு மாதங்கள், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் டெட்லிஃப்ட் (எடையைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்தல்), ஸ்குவாட், தலைக்கு மேல் எடை உயர்த்துதல் ஆகியவற்றைச் செய்தனர். சிறு டம்பெல்கள் அல்ல. தம்மால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 85 விழுக்காட்டுக்கும் மேல், ஐந்து ஐந்து முறையாக ஐந்து செட். அதுவரை படிப்படியாகவே ஏற்றிச் சென்றார்கள். முடிவில் அவர்களது கீழ்முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியிருந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. இதற்கும் 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1990-இல், அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி தந்து பார்த்தனர். அதை நிறைவு செய்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை கேட்டதைக் கொடுக்கிறது என்றால், நாற்பது வயதுப் பெண்ணிடம் 'இனி எதற்கு உனக்கு இதெல்லாம்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்குச் சொன்னார்கள். என்மீது அன்புள்ளவர்கள்தான் சொன்னார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஆசிரியர் அவர்களே, அதில் செய்தித்தாள்களுக்கும் பங்குண்டு. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு வென்றார். இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பெண்களும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் வெளிநாட்டுச் செய்தித்தாள்கள் சில, பதினொரு பெண்கள் ஓடியதாகவும் அவர்களில் ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டதாகவும், ஓடி முடித்தவர்கள் நினைவிழந்து விழுந்ததாகவும் எழுதின. ஓடி முடித்த எவரும் மூச்சு வாங்கத் தரையில் சாய்வது இயல்பு. ஆண்கள் சாய்ந்தால் அது உழைப்பு, பெண்கள் சாய்ந்தால் அது இயலாமை என்று அன்று எழுதப்பட்டது. விளைவு, 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு அந்த ஓட்டமே இல்லை. ஒரு தலைமுறைப் பெண்கள் ஓடாமலே முதுமையடைந்தார்கள். தவறான நான்கு வரிச் செய்தி செய்த வேலை அது.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921-இல், இந்த ஆட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாதது என்று சொல்லித் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பிரேசில் 1941-இல், பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக் கூடாது என்று அரசாணையே போட்டது. 2005-ஆம் ஆண்டில்கூட, பன்னாட்டுப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் தலைவர், பனிச்சறுக்கிலிருந்து தாவிக் குதிப்பது மருத்துவ நோக்கில் பெண்களுக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்று வானொலிப் பேட்டியில் சொன்னார்; 2014-இல்தான் அப்போட்டி ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடைத்தது. பளு தூக்குதலில் பெண்களுக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டி 1987-இல் நடந்தது. ஒலிம்பிக் வாய்ப்பு 2000-இல் சிட்னியில் வந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்று, ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். பெண்களின் உடம்புக்கு இது ஆகாது என்று ஒவ்வொரு முறையும் உடம்பின் பெயரால்தான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும், வாய்ப்பு வந்த மறுநாளே பெண்களின் உடம்பு அதைச் செய்துகாட்டியது.

பெண்கள் பாரம் தூக்குவதில் இந்த உலகத்துக்கு எப்போதும் ஆட்சேபம் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தை ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். அதை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் மாடிப்படி ஏறும்போது, உன் தோள் அகன்றுவிடும் என்று எவரும் எச்சரிப்பதில்லை. அசைய முடியாத நோயாளியைப் படுக்கையில் புரட்டிப்போடும் செவிலியரிடம், கட்டடத் தளத்தில் செங்கல் சுமக்கும் பெண்ணிடம், முதியவரைத் தூக்கி உட்காரவைக்கும் மகளிடம் யாரும் நளினத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அதே பெண், அதே 14 கிலோவை, முதுகை நேராக வைத்து, மூச்சை அடக்கி, முறையாகத் தன் உடம்புக்காகத் தூக்கினால் அப்போது கேள்வி எழுகிறது. பிறருக்காகச் சுமக்கும்வரை அது பெண்ணின் இயல்பு. தனக்காகச் சுமந்தால் அது பெண்ணின் இயல்பு அல்ல. இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளபடி, அன்றாடம் சுமக்க வேண்டியிருக்கிற பெண்களுக்குத்தான் முறையான பயிற்சி மற்றவரைவிடத் தேவை. ஒரு பக்கமாகவே சுமந்து சுமந்து அவர்களது முதுகு தேய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டுக் கூட்டமொன்றில் என் பெரியம்மா பாசத்தோடு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையைத் தடவியவர் சட்டென்று நிறுத்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான்கு விரல்களுக்கும் அடியில், பார்பெல் உராயும் இடத்தில், வரிசையாகக் காய்ப்பு ஏறியிருக்கும் எனக்கு. "என்னடி இது, கையெல்லாம் இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு? பொம்பளைக் கையா இது?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையிலேயே வருந்தினார். நான் அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். எழுபது ஆண்டு வேலை செய்த கை. விரல் மடிப்புகளில் காய்ப்பு, கட்டைவிரல் ஓரத்தில் தழும்பு. "உங்க கையும் அப்படித்தானே இருக்கு பெரியம்மா" என்றேன். அவர் தன் கையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது வேலை செஞ்ச கைடி" என்றார். அவர் சொன்னதில் மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. என் கையும் வேலை செய்த கைதான் என்பதை மட்டும் அவருக்குப் புரியவைக்க அன்று எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். அண்மைக் காலமாக, மெலிந்த உடம்புக்குப் பதிலாக, வயிற்றில் தசை வரிகள் தெரியும் இறுகிய உடம்பைப் பெண்களுக்கு இலக்கணமாக்கும் படங்கள் பெருகிவிட்டன. வலுவைக் கொண்டாடுவதாக அவை சொன்னாலும், பெண் எப்படித் தெரிய வேண்டும் என்று வகுத்துக் கொடுக்கும் பழைய அளவுகோலின் மறுபதிப்பாகவே அவற்றை நான் பார்க்கிறேன். அந்தத் தோற்றத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே கடும் பயிற்சி செய்யும் இளம்பெண்களுக்கு மாதவிடாய் தப்புகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, இருபது வயதிலேயே எலும்பு மெலிகிறது. எந்த எலும்பைக் காப்பதற்குப் பயிற்சி உதவுமோ அதையே அரைவயிற்றோடு செய்யும் பயிற்சி கரைத்துவிடுகிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இதை ஒரு தனிச் சிக்கலாகவே வரையறுத்து எச்சரித்தது. மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகப் பெருமைப்படும் பேச்சு ஜிம்களில் காதில் விழுகிறது. அது பெருமை அன்று. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி. பயிற்சி செய்யும் பெண் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று தங்கள் கட்டுரை ஒரு வரி சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஜிம்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. நான் முதன்முதலில் சேர்ந்த இடத்தில், என் பெயரைக் கேட்பதற்கு முன்பே எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எழுந்து நிற்கும் வலு வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு, நாற்பது நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவைத்து, கடைசியில் இரண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடியைக் கொடுத்தார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகும் அதே இரண்டு கிலோ. எடைப் பயிற்சி என்பதன் உயிரே, உடம்பு பழகப் பழகப் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போவதில் இருக்கிறது. ஏறாத பாரத்தால் எலும்பும் தசையும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. பெண் என்பதால் எனக்கு எடை ஏற்றவில்லை என்று பின்னர் வேறொரு பயிற்சியாளரிடம் சென்ற பிறகுதான் விளங்கியது. அவர் முதல் நாள் என் கையில் கொடுத்தது தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பி. பளு தூக்குதலில் பெண்களுக்கான கம்பி 15 கிலோ. ஆண்களுக்கானது 20 கிலோ, சற்றே தடிமனானது. அந்தப் பதினைந்து கிலோவைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிர்ந்தபோது என் முழங்கால்கள் நடுங்கின. அம்மாவின் முழங்கால்கள் நினைவுக்கு வந்தன. இன்று அதே கம்பியில் இரு பக்கமும் தட்டு மாட்டி எண்பது கிலோ தூக்குகிறேன். இதை எழுதுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

இதற்கு ஜிம்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அதன் வரலாற்றிலேயே முதல் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்த பளுதூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ், தொற்றுநோய்க் கால முடக்கத்தில் மலேசியாவில் சிக்கிக்கொண்டபோது, மூங்கில் கழியின் இரு முனைகளிலும் பெரிய தண்ணீர்க் கேன்களை மாட்டிப் பயிற்சி செய்தார். தொடங்குபவருக்கு உறுதியான ஒரு நாற்காலி போதும். கைகளை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதும், சுவரில் கைவைத்து உடம்பைத் தள்ளுவதும் நல்ல தொடக்கங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடம்பின் முக்கியத் தசைக்கூட்டங்கள் அனைத்துக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி தர வேண்டும் என்றே சொல்கிறது. ஆண், பெண் என்று அதில் வேறுபாடு இல்லை. இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், எலும்பு ஏற்கெனவே முறிந்தவர்கள், மகப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசிவோ, கருப்பை கீழிறங்கும் அடியிறக்கமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரையும் இயன்முறைச் சிகிச்சையாளரையும் கலந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கும் பெரும்பாலும் 'செய்யாதே' என்ற பதில் வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்ற வழிதான் கிடைக்கும்.

என் தாய் இப்போது கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து தொடர்ந்து எட்டு முறை எழுகிறார். இரு கைகளிலும் ஒவ்வொரு கிலோ தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு எழ வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட அடுத்த இலக்கு. ஒல்லியாக இருக்கிறீர்களே என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் அவர் மகிழ்வதில்லை; "முந்தியவிட ரெண்டு கிலோ கூடியிருக்கேன்" என்று திருத்துகிறார்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியதுதான். மகளிர் பக்கத்தில் எடைப் பயிற்சி பற்றி அடுத்த முறை எழுதும்போது, தசை திரளாது என்ற ஆறுதலை முதல் வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். திரண்டால் திரளட்டும் என்று எழுத மனம் வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் எலும்பைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் தொடங்குங்கள். ஒரு வீராங்கனையின் வெற்றிச் செய்தியில் அவர் எவ்வளவு ஒல்லி, எவ்வளவு அழகு, திருமணம் எப்போது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் தூக்கிய எடையைத் தலைப்பிலேயே போடுங்கள். கட்டுரையோடு படம் போடுவதானால், சிரித்துக்கொண்டு குட்டி டம்பெல்லைப் பிடித்திருக்கும் பெண்ணின் படத்தை விட்டுவிட்டு, முகம் சுருங்க, தோள் புடைக்க, பாரத்தை உண்மையிலேயே தூக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, அந்தக் கம்பியில் எத்தனை கிலோ இருந்தது என்று அதன் கீழே எழுதுங்கள். முழுக்கைச் சட்டைக்குள் தோளை மறைத்துக்கொண்ட அந்தப் பெண்ணின் வீட்டிலும் தங்கள் நாளிதழை வாங்குகிறார்கள்; அவளும் படிப்பாள், அவள் தாயும் படிப்பார்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி